பொன்விழாக் கிடாரி

எங்கள் மடத்தில் முதல் மணி அடிப்பதற்கு முன்னால் எழுந்திருக்கிற ஆள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு மணி அடித்தால் விடிந்த கணக்கு. எனக்கு மாடு செருமினால் விடிந்த கணக்கு. மணியடிப்பது சமையல் சிஸ்டர். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து கயிற்றைப் பிடிக்கிற நேரத்தில் நான் சாணியை அள்ளி முடித்து, கொட்டகையைக் கழுவிவிட்டு, வாளியோடு முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். நான் மடியில் கை வைக்கவும் அவர் மணியை அடிக்கவும் சரியாக இருக்கும்.

எங்கள் பழைய பசு அந்த மணிக்குப் பழகிப்போனது. மணிச் சத்தம் கேட்டால்தான் பால் விடும். புனித வியாழன் இரவிலிருந்து உயிர்ப்பு விழா வரை மணி அடிக்கக் கூடாது என்பது திருச்சபையின் முறை. அந்த நாட்களில் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவோம். மாடு அந்தக் கட்டைச் சத்தத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. பாலை அடக்கிக்கொண்டு நிற்கும். "ஆண்டவரோட பாடுகளை நம்மளைவிட ஒழுங்கா அனுசரிக்கிறது இதுதான்" என்று மதர் வருடா வருடம் சொல்லிச் சிரிப்பார். எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். மடி கல்லாகிப்போன மாட்டுக்கு மூன்று நாளும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது நான்.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு இரும்புலியூர் பக்கமாக உள்ளே வந்தால் அடுக்குமாடிகளுக்கு நடுவில் எங்கள் சுற்றுச்சுவர் தெரியும். முன்பக்கம் மடமும் சிற்றாலயமும், கல்லைக் குகைபோல அடுக்கிக் கட்டிய மாதா கெபியும். பின்பக்கம் கொஞ்சம் தென்னை, வாழை, முருங்கை, கீரைப் பாத்திகள், மாட்டுக்கான தீவனப்புல், கடைசியில் கொட்டகை. சிஸ்டர்கள் ஐந்து பேர். தலைமைச் சிஸ்டரை மதர் என்போம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து வந்தவர், இன்னமும் எங்களை வகுப்பில் உட்கார வைத்ததுபோலத்தான் பார்ப்பார். அடுத்தது சமையல் சிஸ்டர். பக்கத்து மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிற நர்ஸ் சிஸ்டர். படுக்கையில் இருக்கிற பெரிய சிஸ்டர், தொண்ணூறு வயது. பிறகு எழுபதைத் தாண்டிய நான். எங்களுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. இறையழைத்தலுக்காக மாதம் தவறாமல் செபிக்கிறோம். பிள்ளைகள் எல்லாம் சிறுசேரிக்கு கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள்.

என்னைப் பார்க்கிறவர்கள், ஏதோ காடு கழனியில் பிறந்து வளர்ந்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் பல்லாவரத்துப் பெண். அப்பாவுக்குத் தையல் கடை. மடத்துக்கு வரும்வரை மாட்டை நான் ரோட்டில் போஸ்டர் தின்கிற கோலத்தில்தான் பார்த்திருந்தேன். கணக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசைப்பட்டு மடத்தில் சேர்ந்தேன். பயிற்சியில் நவகன்னியாக இருந்தபோது ஒருநாள் யாருடைய மாடோ கீரைப் பாத்திக்குள் புகுந்துவிட்டது. எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் கையிலிருந்த வாழைப்பழத் தோலைக் காட்டி நைசாக அதை வெளியே நடத்திக்கொண்டு போய் கேட்டைச் சாத்தினேன். மாடியிலிருந்து அப்போதைய மதர் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பிள்ளைக்கு மாடுன்னா உயிர்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் கொட்டகைக்கு அனுப்பினார்கள். "சரி மதர்" என்றேன். எங்களில் யாரும் வேறு வார்த்தை சொல்வதில்லை. அதற்குப் பிறகு எந்த ஊருக்கு மாற்றல் வந்தாலும் அந்த வீட்டில் ஒரு மாடு எனக்காகக் காத்திருந்தது. எந்தக் கணக்கு வகுப்பும் காத்திருக்கவில்லை.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். குறைதான் சொல்கிறேன், ஆனால் மாட்டின் மேல் அல்ல. அது பாட்டுக்கு நல்ல மாடு. சுற்றிலும் புதிது புதிதாக ஃபிளாட் கட்டுகிறார்கள் அல்லவா, கிரகப்பிரவேசம் என்றால் பசு வேண்டும், கன்றோடு வேண்டும், டைல்ஸ் தரையைப் பார்த்து மிரளாததாக வேண்டும். அப்படிப்பட்ட மாடு இந்தப் பக்கத்தில் எங்களுடையதுதான். ஐயர் வந்து கேட்டில் நின்று "சிஸ்டர், நாளைக்கு முகூர்த்தம்" என்பார். மதர் சிரித்துக்கொண்டே அனுப்பி வைப்பார். மாடு குங்குமப் பொட்டோடும் சாமந்தி மாலையோடும் திரும்பி வந்து கெபிக்கு முன்னால் நின்று மாலையைத் தின்னும். இப்படி அது போய் வந்த வீடுகளில் பாதியில் நான் கால் வைத்ததில்லை. அதே வீட்டுக்காரர்கள் ஆறு மாதம் கழித்து, பால்கனியில் சாணி நாற்றம் வருகிறது என்று புகார் சொல்வதும் உண்டு.

ஆனால் முட்டி. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முக்காலியில் உட்காரும்போது ஒரு வலி, எழுந்திருக்கும்போது அதன் அக்கா. கோடையில் போர் தண்ணீர் கீழே போய்விட்டால் லாரித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டகைக்கு எடுத்துப் போக வேண்டும். புல் அறுக்க ஒரு அம்மா வருகிறாள், பக்கத்துத் தெருவிலிருந்து. அவளுக்கும் வயது ஆகிறது. வாழைக்கு மண் அணைப்பது, கீரை விதைப்பது எல்லாம் நாங்கள் இரண்டு பேர்தான். என் முட்டிக்காக மடத்தில் ஒன்பது நாள் நவநாள் வைத்தார்கள். ஒன்பது நாளும் சிற்றாலயத்தில் எனக்காகச் செபம் நடந்தது. ஒன்பது நாளும் நான் பிந்தி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், ஏனென்றால் அது மாடு கறக்கிற நேரம்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சொர்க்கம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எல்லோரையும்போல நானும் மணி அடித்த பிறகு எழுந்திருக்க வேண்டும்.

அதைக் கேட்பதற்கும் ஒரு வழி இருந்தது. எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. துறவற வார்த்தைப்பாடு கொடுத்து ஐம்பது வருடம் முடிந்த சிஸ்டருக்குப் பொன்விழா எடுப்போம். அன்றைய விருந்தில், சாப்பாடு பரிமாறுவதற்கு முன்னால், மதர் எழுந்து நின்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பார்: "சிஸ்டர், உங்களுக்கு என்ன வேணும்?" விழாச் சிஸ்டர் கேட்பதை மறுக்கக் கூடாது. அநேகம் பேர் "உங்க செபம் போதும் மதர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், அதுதான் அடக்கம் என்று பெயர். சிலர் வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும் என்பார்கள், சிலர் தம்பி வீட்டில் ஒரு வாரம் தங்க வேண்டும் என்பார்கள். பெரிய சிஸ்டர் தன்னுடைய பொன்விழாவில் குச்சி ஐஸ் கேட்டார். வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டார்.

எனக்குப் பொன்விழா வர ஒரு வருடம் இருக்கும்போதே நான் தீர்மானித்துவிட்டேன். அடக்கமெல்லாம் போதும். கேட்டுவிடுவது. "மதர், கொட்டகையிலேருந்து எனக்கு விடுதலை குடுங்க." இவ்வளவுதான் வாக்கியம். பால் கறக்கும்போது மாட்டிடம் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். முதலில் குரல் நடுங்கியது. பிறகு சரியாக வந்தது. பழைய பசுவுக்கும் வயதாகிவிட்டிருந்தது. கால்நடை டாக்டர் இனி இது சினை பிடிக்காது என்று சொல்லிவிட்டார். பால் குறைந்துகொண்டே வந்து, பொன்விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் சுத்தமாக வற்றிவிட்டது. பாக்கெட் பால் வாங்க ஆரம்பித்தோம். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதி என்று வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வெறும் வாளியை எடுத்து வைக்கும்போது முகத்தைச் சற்றுத் தொங்கப் போட்டுக்கொண்டேன், பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருக்கட்டுமே என்று. அங்கேதான் கெட்டது.

சமையல் சிஸ்டர் அந்த நாட்களில் என்னிடம் அடிக்கடி வந்து நின்றார். வாழைப்பூ ஆய்ந்துகொண்டே, "ஏன் சிஸ்டர், நல்ல கிடாரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். கிடாரி என்றால் இன்னும் கன்று போடாத இளம் மாடு. இவருக்கு எதற்கு இந்த அக்கறை என்று நினைத்தாலும், இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டார்களே என்ற சந்தோஷத்தில் விவரமாகச் சொன்னேன். தோல் மெல்லியதாக இருக்க வேண்டும். காம்புகள் நான்கும் ஒரே அளவில், தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். வயிற்றடியில் பால் நரம்பு புடைத்து ஓட வேண்டும். பின்னங்கால்களுக்கு நடுவில் இடம் வேண்டும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். சுழி பார்க்க வேண்டுமா என்று கேட்டார். அதெல்லாம் வேண்டாம் என்றேன்.

பொன்விழா அன்று காலையில் திருப்பலி. ஆயர் வரவில்லை, பங்குச் சாமியார் வந்தார். பல்லாவரத்திலிருந்து என் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். முற்றத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். தெருமுனையில் கடை வைத்திருக்கிற பாய் ஒரு அண்டா பிரியாணி அனுப்பியிருந்தார். எங்கள் தோட்டத்துப் புதினாவைத்தான் அவர் வாங்குவார். எனக்கு ரோஜா மாலை போட்டு, தலையில் காகிதக் கிரீடம் வைத்து, நடுவில் உட்கார வைத்தார்கள். எழுபது வயதில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. உள்ளே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதர் எழுந்தார். எல்லோரும் அமைதியானார்கள். நானும் எழுந்து நின்றேன். வாயைத் திறக்கத் தயாராக இருந்தேன்.

"வழக்கமா இந்த நேரத்துல, என்ன வேணும்னு கேப்போம்" என்றார் மதர். "ஆனா இந்த சிஸ்டர் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவங்க மனசுல என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? கொஞ்ச நாளா அந்த வெறும் வாளிய வச்சிக்கிட்டு அவங்க முகம் வாடிக் கிடந்ததை நாங்க எல்லாரும் பார்த்தோம். அதனால சிஸ்டர், நீங்க கேக்கவே வேணாம்!"

பின்பக்கக் கேட்டைத் திறந்தார்கள். கழுத்தில் சாமந்தி மாலை, கொம்பில் ரிப்பன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து மாட்டுப் பண்ணையிலிருந்து வண்டியில் ஏற்றி வந்திருந்தார்கள். சினைக் கிடாரி. நல்ல தோல். நாலு காம்பும் ஒரே அளவு. பால் நரம்பு கயிறுபோல ஓடியது. நான் சொல்லிக் கொடுத்த ஒன்றுகூட அவர்கள் விட்டுவிடவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். என் தம்பி பேத்தி குதித்தாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நிற்காமல் வந்தது. "பாருங்க, பாருங்க, சந்தோஷத்துல பேச்சே வரல" என்றார் நர்ஸ் சிஸ்டர். கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். மதர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பரீட்சையில் முதலில் எழுதி முடித்த பிள்ளை மாதிரி முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்வது? "நன்றி மதர்" என்றேன். காகிதக் கிரீடத்தோடு நான் அந்தக் கிடாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் உணவறையில் இன்னமும் மாட்டியிருக்கிறது. சாப்பிடும்போதெல்லாம் என் முகத்தை நானே பார்க்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் புல் அறுக்கிற அம்மா வந்தாள். கொட்டகையில் இரண்டாவது மாட்டைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டாள்.

"இன்னா சிஸ்டர் இது? கீறதுக்கே புல்லு பத்தல. இன்னொண்ண இட்டாந்து கட்டிக்கினு கீறீங்க?"

"பொன்விழாப் பரிசும்மா."

"நல்லா குட்த்தாங்க பரிசு! பேஜாராப் போச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டு புல்லுக்குப் போனாள். அவளுக்காவது திட்ட முடிந்தது.

பழைய பசு சாது. இது நேர்மாறு. இளரத்தம். கிட்டப் போனாலே பின்னங்காலைத் தூக்கும். தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்க்கும். விமானப்படை விமானம் தாழப் பறந்தால் கட்டுத்தறியைப் பிடுங்கப் பார்க்கும், இந்தப் பக்கம் விமானம் பறக்காத நாள் உண்டா? ஒருநாள் வாழைப் பாத்திக்குள் இழுத்துக்கொண்டு ஓடியதில் நான் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியாமல் அப்படியே வாழையடியில் உட்கார்ந்திருந்தேன். சிற்றாலயத்தில் மாலைச் செபம் நடந்துகொண்டிருந்தது. இங்கிருந்தே பதில் சொன்னேன். சங்கீதத்தின் ஒரு அடியை அவர்கள் பாட, அடுத்த அடியைச் சேற்றில் உட்கார்ந்து நான் சொல்ல, அப்படி முடிந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆங்காரமும் வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பரிசு கொடுத்தவர்களிடம் பரிசு வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? சொர்க்கத்தில் இருக்கிறவரிடம் சொன்னேன். அவரும் மாட்டுக் கொட்டகையில் பிறந்தவர்தானே, கொஞ்சம் புரியும் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முடிச்சூர் பக்கம் தண்ணீர் நிற்கிறது, சுரங்கப்பாதை மூழ்கிவிட்டது என்று தினமும் செய்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து வரும்போது கிடாரி நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வால்மட்டை இளகிப்போயிருந்தது. சற்று நேரத்தில் பனிக்குடம் உடைந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். "சிஸ்டர், எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, வண்டி எடுக்க முடியாது, போன்லயே இருங்க" என்றார். தலையீற்று. கன்றின் முன்னங்கால் குளம்புகள் இரண்டும் வெளியே தெரிந்தன. தலை வரவில்லை. கிடாரி படுத்து முக்கியது, எழுந்தது, மறுபடி படுத்தது. நேரம் ஆக ஆக அதன் கண்ணில் ஒரு பயம்.

மடத்தில் விஷயம் தெரிந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். பெரிய சிஸ்டரைக்கூட நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து தாழ்வாரத்தில் நிறுத்தினார்கள். எல்லோரும் கொட்டகை வாசலில் குடையோடு முழந்தாள் போட்டுச் செபமாலையை எடுத்தார்கள். மனசாரச் செபித்தார்கள், அதில் சந்தேகமில்லை. சமையல் சிஸ்டர் விம்மினார். முதல் காரணிக்கமான பத்து மணி முடிந்தது. நான் கன்றின் கால்களில் கயிற்றைச் சுருக்குப் போட்டுக்கொண்டு தனியாக இழுத்துக்கொண்டிருந்தேன். சேறு வழுக்கியது. முட்டி இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது. இரண்டாவது காரணிக்கம் தொடங்கியது.

"செபத்த நிறுத்துங்க!" என்று கத்தினேன். "நிறுத்திட்டு யாராவது வந்து கயித்தப் பிடிங்க!"

ஐம்பது வருடத்தில் மடத்துக்குள் நான் குரலை உயர்த்தியதில்லை. அருள் நிறைந்த மரியே பாதியில் நின்றது.  பிறகு மதர் செபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெள்ளை உடுப்போடு சேற்றில் இறங்கி வந்தார். "எங்க பிடிக்கணும்?" என்றார். பிடித்தார். அது முக்கும்போது கீழ்நோக்கி இழுக்க வேண்டும், நிறுத்தும்போது நிறுத்த வேண்டும் என்றேன். நான் உள்ளே கையை விட்டுத் தலையைத் திருப்பினேன். மதர் இழுத்தார். மூன்றாவது முறை முக்கியபோது தலை வந்தது, தோள் வந்தது, மீதி எல்லாம் ஒரே வழுக்கில் எங்கள் மேலேயே வந்து விழுந்தது. மூக்கையும் வாயையும் துடைத்தேன். மூச்சு வரவில்லை. வைக்கோலை எடுத்து விலாவில் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். தும்மியது. பெண் கன்று.

மதர் சேற்றில் உட்கார்ந்திருந்தார். உடுப்பெல்லாம் ரத்தமும் சாணியும். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. கன்றைத் தாய் நக்குவதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், உங்க பொன்விழாவுக்குக் கர்த்தர் குடுத்த போனஸ் பாருங்க. இனிமே மூணு ஆச்சு உங்களுக்கு!"

மூன்று. எனக்குள்ளே எதுவோ உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்க மாட்டேன் என்றது.

"மதர்," என்றேன், "அன்னைக்கு நீங்க என்னை ஒண்ணு கேக்க வேண்டியது பாக்கி இருக்கு."

"என்னது?"

"என்ன வேணும்னு நீங்க கேக்கல."

சிரித்தார். "சரி, இப்ப கேக்கறேன். என்ன வேணும் சிஸ்டர்?"

வாக்கியம் ஒரு வருடமாகத் தயாராக இருந்தது. ஆனால் வந்தது அது இல்லை. "எனக்கு முடியல மதர்" என்றேன். "முடியல. ரொம்ப நாளா முடியல. மணி அடிச்சப்புறம் எழுந்திருக்கணும் மதர் எனக்கு. அவ்வளவுதான் வேணும்."

அவருடைய கை என் கையின் மேலேயே இருந்தது, ஆனால் பிடி தளர்ந்துவிட்டது. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பெரிய சிஸ்டருக்குக் காது மந்தம், "என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். 

"உங்களுக்கு மாடுன்னா உயிராச்சே" என்றார் மதர், மெதுவாக.

"யார் சொன்னது?"

அவர் யோசித்துப் பார்த்தார். "எல்லாரும் சொன்னாங்க."

"என்னை யாரும் கேக்கல."

"நீங்களும் சொல்லலையே சிஸ்டர். இத்தனை வருஷம்."

 சரி மதர், சரி மதர் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வேறு வார்த்தையே வராமல் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? நஞ்சுக்கொடி விழுந்ததா என்று பார்க்க எழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. மதர்தான் கைகொடுத்துத் தூக்கினார்.

அன்று சாயங்காலம் உணவறையில் மதர் கரண்டியால் மேசையைத் தட்டினார். சிஸ்டருக்கு இனி கொட்டகை வேலை இல்லை, கீரைப் பாத்தியை மட்டும் அவர்களால் முடிந்தபோது பார்த்துக்கொள்வார்கள் என்றார். மாட்டை விற்றுவிடலாமா என்று நர்ஸ் சிஸ்டர் கேட்டார். பொன்விழாப் பரிசை விற்பதா என்று சமையல் சிஸ்டருக்குக் கண் கலங்கியது. "யாரும் விக்க வேணாம். நான் கறக்கறேன்" என்றார் மதர். "யூடியூப்ல பார்த்துட்டேன். ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல."

ஒண்ணும் பெரிய கஷ்டமில்லையாம். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

சீம்பால் நாட்கள் முடிகிறவரை நானே போய்வந்தேன். மதர் பக்கத்தில் நின்று பார்த்தார், போனில் படமும் எடுத்துக்கொண்டார். கன்றை முதலில் ஊட்டவிட வேண்டும், அது நாலு வாய் குடித்தால்தான் தாய் சுரக்கும், அதற்குப் பிறகுதான் கன்றைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "தெரியும் சிஸ்டர், தெரியும் சிஸ்டர்" என்றார். ஒரு சனிக்கிழமை இரவு, நாளையிலிருந்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, பால்காரப் பையனுக்குப் போன் செய்து பாக்கெட்டை நிறுத்தச் சொன்னார். அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் எனக்கு வழக்கமான நேரத்தில் விழிப்பு வந்துவிட்டது. உடம்புக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இருட்டில் படுத்திருந்தேன். என் ஜன்னலுக்கு நேரே கொட்டகை. மதரின் ரப்பர் செருப்புச் சத்தம் போனது. விளக்கு எரிந்தது. "நில்லும்மா, நல்ல பிள்ளை இல்ல நீ, நில்லும்மா" என்று கெஞ்சுவது கேட்டது. பிறகு கன்று கத்தியது. கத்துகிற விதத்திலேயே தெரிந்துவிட்டது, ஊட்டவிடாமல் கட்டிவிட்டார். தாய் பதிலுக்குக் கத்தியது. வாளி உருண்டது.

என் கால்கள் தாமாகவே தரையில் இறங்கிச் செருப்பைத் தேடின. ஜன்னல் வழியாக "கன்னுக்குட்டிய விடுங்க மதர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் நாளைக்கும் சொல்ல வேண்டும். நாளை மறுநாள் ஜன்னலிலிருந்து சொல்வதற்குப் பதில் ஒரு எட்டுப் போய் வந்துவிடலாமே என்று தோன்றும். அதற்கு அடுத்த நாள் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியாதா? கன்று கத்திக்கொண்டே இருந்தது. கேட்கக் கேட்கப் பாவமாக இருந்தது. கால்களை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துக் கட்டிலில் தூக்கி வைத்தேன். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். போர்வையைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

மணி அடித்தது. நான் எழுந்தேன்.

திருப்பலி முடிந்து உணவறையில் உட்கார்ந்தோம். மதரின் உடுப்பில் முழங்கால் வரை சாணி. கன்னத்தில் வால் வீசிய தடம். அவர் கறந்துகொண்டு வந்தது அரை டம்ளர். அதைப் பெரிய சிஸ்டருக்குக் காய்ச்சிக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்குப் பால் இல்லாத கடுங்காப்பி. சமையல் சிஸ்டர் என் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.  எல்லோரும் குனிந்துகொண்டு குடித்தார்கள். மதர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார், ஏதாவது சொல்வேன் என்று. சுவரில் காகிதக் கிரீடத்தோடு நான் அழுதுகொண்டிருந்தேன்.

கசப்பாகத்தான் இருந்தது. முழுவதையும் குடித்தேன். பிறகு டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் குடுங்க சிஸ்டர்" என்று கேட்டேன்.